பந்து இறங்கும் இடத்தில் ஒருவர்

ஓர் ஒலி மனத்தில் தங்கிவிட்டது. மூடிய கை தோல்பந்தைக் குத்தும் ஒலி. 2023 செப்டம்பர் 7, வியாழன் இரவு, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் மேலடுக்கில் உட்கார்ந்திருந்தேன். கீழே, ஃபூட்டி என்று இங்கே அழைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், மெல்பர்ன் அணி, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஃபைனல்ஸின் முதல் வாரத்தில், காலிங்வுட்டுடன் மோதிக்கொண்டிருந்தது. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் நிறைந்திருந்த அந்த இரைச்சலில் அவ்வளவு சின்ன ஒலி மேலே வந்து சேர்ந்திருக்க முடியாது. கண் பார்த்ததற்குக் காது பிறகு ஒலி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரவு ஆட்டத்துக்குரிய மஞ்சள் ஷெரின் பந்து நடுக்களத்திலிருந்து உயர்ந்து நீண்டு வரும். விளக்கொளியில் உச்சிக்குப் போனதும் ஒரு நொடி தயங்குவதுபோலத் தெரியும். கீழே ஐந்தாறு பேர் தோளும் இடுப்பும் உரச ஒரே இடத்தில் குவிவார்கள், எழுவார்கள். எல்லாக் கைகளுக்கும் மேலே கருப்பு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் கை போய் அதைக் குத்தித் தள்ளும். கொஞ்ச நேரத்தில் பந்து திரும்பவும் வரும், அதே உயரத்தில், அதே இடத்துக்கு. கோல் கம்பங்களுக்கு முன்னால் தரையில் வரைந்திருக்கும் ஐம்பது மீட்டர் வளைவுக்குள் அன்றைக்கு மெல்பர்ன் 69 முறை பந்தைக் கொண்டுபோனது. காலிங்வுட் கொண்டுபோனது 37 முறை. ஆட்டம் முடிந்தபோது காலிங்வுட் 60, மெல்பர்ன் 53. நான்கு முறை உள்ளே போனால் ஒரு கோல் என்பது காலிங்வுட்டின் கணக்காக இருந்தது. மெல்பர்னுக்குப் பத்து முறை தேவைப்பட்டது.

யாரா பார்க்கின் எல்ம் மரங்களுக்கு அடியில் ரிச்மண்ட் ரயில் நிலையத்தை நோக்கி நடந்த கூட்டத்தில், கழுத்தில் சிவப்பும் நீலமும் சுற்றியிருந்தவர்கள் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். பலமான ஒரு கீ ஃபார்வர்ட், கோல் முனையில் நின்று உயரப் பந்தைப் பிடிக்கும் முன்கள நெடியவர், இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். என்னோடு நடந்துவந்த பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதையே சொன்னார். 1964இல் மெல்பர்ன் கோப்பை வென்றபோது அவர் சிறுவன். அடுத்த கோப்பைக்காக 57 ஆண்டுகள் காத்திருந்தவர். நானும் ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னதிலிருந்தே உள்ளே ஏதோ உறுத்துகிறது. அந்தப் பதில் எங்கள் எல்லாருக்கும் அத்தனை சுலபமாக வாயில் வந்ததுதான் காரணமோ என்று நினைக்கிறேன். களத்தில் நின்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஒதுக்கிவிட்டு, அங்கே இல்லாத ஒருவர் மேல் தோல்வியை ஏற்றிவிட்டோம். இல்லாதவருக்கு முகம் கிடையாது, காயம் கிடையாது, கெட்ட நாள் கிடையாது. அவர் எழும்பியிருந்தால் பந்தைப் பிடித்திருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எட்டு நாள் கழித்து அதே மைதானத்தில் கார்ல்டனிடம் 73க்கு 71 என்று தோற்று மெல்பர்னின் ஆண்டு முடிந்தபோது அந்தப் பேச்சு இன்னும் உறுதியானது. அன்று மெல்பர்ன் அடித்தவை ஒன்பது கோல், பதினேழு பிஹைண்ட். உள் கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு, பக்கத்துக் கம்பத்துப் பக்கம் விலகினால் ஒன்று. கார்ல்டனைவிட எட்டு முறை அதிகமாகக் கம்பங்களைக் குறிவைத்த அணி இரண்டு புள்ளியில் வெளியேறியது. குறி தப்பியதை உயரமான ஒருவர் எப்படித் திருத்தியிருப்பார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நான் பிறந்த ஊரில் இந்த ஆட்டம் இல்லை. வளர்ந்த பிறகு, குடிவந்த ஊரின் குளிர்காலத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ கீ ஃபார்வர்ட் என்ற இடம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே வியப்பாக இருந்தது. ஃபூட்டியில் ஆஃப்சைட் கிடையாது. ஆகவே ஒருவர் எதிரணியின் கோலுக்கு முன்னாலேயே போய் நிற்கலாம், நின்று காத்திருக்கலாம். பதினைந்து மீட்டராவது பறந்து வந்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அது மார்க். பிடித்தவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது, மூச்சு வாங்கி, காலுறையை இழுத்துவிட்டு, நிதானமாக உதைக்கலாம். முட்டிமோதலுக்கு நடுவே திடீரென்று ஒருவரைச் சுற்றி அமைதி விழுவதை முதன்முதலாகப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இந்த ஊர் மக்கள் தங்கள் நாயகர்களை அந்த அமைதிக்குள்தான் வைத்துப் பார்க்கிறார்கள். 2022 மார்ச்சில் சிட்னியில் லான்ஸ் ஃபிராங்க்ளின் தன் ஆயிரமாவது கோலை அடித்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்து களத்தையே மூடிவிட்டார்கள். நடுக்களத்தில் எத்தனை ஆயிரம் முறை பந்தைத் தொட்டவருக்கும் அப்படி ஒன்று நடந்ததில்லை.

ஆனால் மெல்பர்ன் அணியின் பழங்கதைகளைப் புரட்டும்போது நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1947இல் ஃபிரெட் ஃபேனிங் என்ற மெல்பர்ன் முன்கள வீரர் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் செயின்ட் கில்டாவுக்கு எதிராக 18 கோல் அடித்தார். இந்த லீக்கில் ஒரே ஆட்டத்தில் அத்தனை கோல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அடித்ததில்லை. அடித்த கையோடு, கூடுதல் சம்பளத்துக்காக விக்டோரியாவின் மேற்கே ஹாமில்டன் என்ற ஊரின் அணிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே, அவர் இல்லாத மெல்பர்ன் கோப்பை வென்றது. இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா என்று பெரியவரிடம் போனேன். அவர் கதையின் மறுபாதியைச் சொன்னார். 1948 இறுதிப்போட்டியில் எசென்டனுடன் சமநிலை. எசென்டன் அன்று ஏழு கோலும் இருபத்தேழு பிஹைண்டும் அடித்திருந்தது. அடுத்த வாரம் மறு ஆட்டம். இரண்டிலும் மெல்பர்னுக்காக ஆறு ஆறு கோல் அடித்தவர் ஜாக் முல்லர். முப்பதைத் தாண்டி, இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரை ஃபைனல்ஸுக்காக அழைத்து வந்திருந்தார்கள். விபத்தொன்றில் விரல்களின் பகுதியை இழந்த கையில் தோலுறை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தவர் அவர். ஆக ஒரு பெரிய முன்களக்காரர் போனார், கோப்பை வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. இன்னொருவர் எங்கிருந்தோ வந்து அந்த இடத்தில் நின்றிருக்கிறார். அதே அணியில் ஆடிய நார்ம் ஸ்மித்தை யோசிக்கும்போது கதை இன்னும் சிக்கலாகிறது. கோல் முனையில் நின்று ஆடியவர்தான் அவரும். ஆனால் தன்னைக் காவல் காக்கும் தடுப்பாளரைக் கூடவே இழுத்துக்கொண்டு ஓடி, பின்னால் திறந்த வெற்றிடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தவர் என்றுதான் அவருக்குப் பெயர். பிற்காலத்தில் பயிற்சியாளராக மெல்பர்னுக்கு ஆறு கோப்பைகள் வாங்கித் தந்தார். இன்றும் இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தருவது அவர் பெயரிலான பதக்கம். 1989இல் அந்தப் பதக்கத்தை வாங்கியவர் ஜீலாங்கின் கேரி ஏப்லெட். ஹாதார்னுக்கு எதிராக அன்று தனி ஆளாக ஒன்பது கோல் அடித்தார். ஜீலாங் ஆறு புள்ளியில் தோற்றது. ஏப்லெட் கடைசிவரை ஒரு கோப்பையும் வெல்லாமல்தான் ஓய்வுபெற்றார். ஒன்பது கோல் அடித்த மனிதரின் கழுத்தில், வழிவிட்டு நின்றவரின் பெயர் தாங்கிய பதக்கம் தொங்கிய அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்ததில்லை. என்றாலும் அது அடிக்கடி மனத்தில் வந்துபோகிறது.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் இப்படித்தான். 2018 முடிவில் மெல்பர்ன் தன் இளம் முன்களத் தூணான ஜெஸ்ஸி ஹோகனை ஃப்ரீமாண்டிலுக்குக் கொடுத்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த, புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஆறாம் தேர்வு உரிமையைக் கோல்ட் கோஸ்டுக்குக் கொடுத்து ஸ்டீவன் மே என்ற தடுப்பாளரைக் கூட்டிவந்தது. முன்னால் நின்றவரை விற்றுப் பின்னால் நிற்பவரை வாங்கினார்கள் என்று சொல்லலாம். மூன்று ஆண்டில் கோப்பை வந்தது. 2021 செப்டம்பர் 25, கொரோனா ஊரடங்கினால் இறுதிப்போட்டி பெர்த்துக்குப் போயிருந்தது. மூன்றாம் கால் பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்த மெல்பர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாத காலம்; மரவேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் தனியாகக் கத்தியதும், பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்ததும் எனக்குக் கேட்டன. அன்று ஆறு கோல் அடித்த பேலி ஃப்ரிட்ச் நெடிய முன்களத் தூண் இல்லை; நடுத்தர உயரம், மெலிந்த உடம்பு, ஆளில்லாத இடத்துக்கு ஓடிப் போய் நிற்பவர். நெடியவரான பென் பிரவுன் மூன்று கோல் அடித்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஜீலாங்குக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவரோ, நடுவர் எறியும் பந்துக்கு எழும்புவதையே வேலையாகக் கொண்ட கேப்டன் மேக்ஸ் கான். யார் முன்களத் தூண் என்று அந்த மாதம் யாரும் கவலைப்படவில்லை. ஹோகன் பிறகு ஜிடபிள்யூஎஸ் அணிக்குப் போய் 2024இல் லீக்கிலேயே அதிக கோல் அடித்து கோல்மன் பதக்கம் வாங்கினார். அந்தச் செய்தி வந்த நாளில் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரைக்கு வசதிதான். ஃபிராங்க்ளின் சிட்னி அணிக்குப் போன பிறகும் ஹாதார்ன் 2014லும் 2015லும் கோப்பை வென்றதே, அதில் முதல் கோப்பையை ஃபிராங்க்ளின் எதிரணியில் நிற்கும்போதே வென்றதே என்று அடுக்கிக்கொண்டு போகலாம். 2021, 2022, 2023 என மூன்று ஆண்டும் கோல்மன் பதக்கம் வாங்கிய ஹாரி மெக்கேயையும் சார்லி கர்னோவையும் ஒரே அணியில் வைத்திருந்த கார்ல்டனுக்கு 1995க்குப் பிறகு கோப்பை இல்லையே என்றும் கேட்கலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஏனென்றால் 2018 செப்டம்பரில் இதே மைதானத்தில் வேறொன்றையும் பார்த்தேன். முந்தைய ஆண்டு ரிச்மண்ட், ஜாக் ரீவோல்ட் என்ற ஒரே நெடியவரையும் அவரைச் சுற்றி வேகமான குள்ளர்களையும் வைத்துக் கோப்பை வென்றிருந்தது. காலம் மாறிவிட்டது, மலைபோன்ற முன்களக்காரர்களின் நாள் முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ரிச்மண்டை அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் காலிங்வுட்டின் மேசன் காக்ஸ், 211 சென்டிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கர், கூட்டத்துக்கு நடுவே எழுந்து எழுந்து பந்தைப் பிடித்துச் சிதறடித்தார். அவர் பிடித்தார் என்பதைவிட, ரிச்மண்டின் தடுப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் அவரை நோக்கித் திரும்பிப் பார்த்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்து வைப்பதும் ஒரு பலம். அது கோல் கணக்கில் வராது. ரிச்மண்ட் உடனே போய் டாம் லிஞ்ச்சைக் கூட்டிவந்தது. 2019, 2020, இரண்டு கோப்பை. நல்ல முன்கள நெடியவர் எல்லாப் பந்தையும் பிடிக்க வேண்டியதில்லை. எதிரி பிடித்துவிடாமல் பந்தைத் தரைக்குக் கொண்டுவந்தாலே போதும். காலடியில் சிதறுவதைப் பொறுக்க ஆட்கள் இருப்பார்கள். 69 முறையில் பாதியாவது அப்படித் தரைக்கு வந்திருந்தால் அந்த வியாழன் இரவு வேறாக இருந்திருக்கும். ஆகவே ரயில் நிலையத்துக்கு நடந்துபோன கூட்டம் சொன்னதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை.

அந்த இரவில் அந்த இடத்தில் உண்மையில் நின்றவர் ஜேகப் வான் ரூயன். இருபது வயது. முதல் அணியில் முதல் ஆண்டு. பென் பிரவுனின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பின்களத்திலிருந்து முன்னுக்கு மாற்றப்பட்டு நம்பிக்கை தந்த ஹாரிசன் பெட்டி, பாதத்தில் காயம்பட்டு ஃபைனல்ஸுக்கு முன்பே விலகியிருந்தார். சுமை விழுந்தது அந்தப் பையன் மேல். பலமான ஒருவர் வேண்டும் என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும், நீ போதவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது டாம் பாய்டின் நினைவு வருகிறது. 2013 தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்ட முன்கள நெடியவர். ஒரே ஓர் ஆண்டு ஆடிய நிலையில், ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் பெருந்தொகைக்கு வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு வந்தார். கோல் அடிக்காத ஒவ்வொரு வாரமும் அந்தத் தொகையைச் சொல்லியே அவரைப் பேசினார்கள். 2016 இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்தார். 62 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணிக்குக் கோப்பை. 2019இல், 23 வயதில், ஒப்பந்தம் முடியும் முன்பே ஆட்டத்தை விட்டார். தன் மனச்சோர்வைப் பற்றியும் தூக்கமில்லாத இரவுகளைப் பற்றியும் பிறகு வெளிப்படையாகப் பேசினார். மற்ற இடங்களில் செய்யும் தவறு கூட்டத்தில் கரைந்துவிடும். கீ ஃபார்வர்டின் தவறு மட்டும், அமைதி விழுந்த களத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. பலம் என்று நாம் கேட்பதில் தோளின் அகலம் எவ்வளவு, இந்தப் பார்வையைத் தாங்கும் சக்தி எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதை இருபது வயதில் யாரிடம் எதிர்பார்ப்பது.

என்னை இன்னும் தூங்கவிடாதது வேறொன்று. 2021 கோப்பையை மெல்பர்னுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அதன் பின்களம்: மேயும் ஜேக் லீவரும். எதிரணி நெருக்கடியில் கண்மூடித்தனமாக உயர்த்தி உதைக்கும் பந்துகள்தாம் அவர்களுக்கு உணவு. பந்து மேலே எத்தனை நேரம் இருக்கிறதோ அத்தனை நேரம் தடுப்பாளர் ஓடிவந்து சேரலாம். உயரமான மெதுவான பந்து எப்போதும் அவருக்கே சாதகம். இதை அந்த லீக்கில் மெல்பர்னைவிட நன்றாக அறிந்த அணி கிடையாது. பயிற்சியில் தினமும் மேயையும் லீவரையும் தாண்டித்தானே அவர்கள் உதைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட அணி, காலிங்வுட்டின் தடுப்பாளர் டார்சி மூருக்கு அதே உணவை இரவு முழுக்கப் பரிமாறியது ஏன்? கிறிஸ்டியன் பெட்ராக்காவும் கிளேட்டன் ஆலிவரும் நடுக்களத்தில் பந்தை வென்றெடுக்கும் விதம் பார்க்கப் பார்க்கத் தீராதது. நான்கு பேர் மேலே விழுந்து கிடக்க, பந்தோடு எழுந்து வெளியே வருவார்கள். ஆனால் வெளியே வந்ததும் அடுத்த அரை நொடியில் என்ன நடந்தது? தலை நிமிர்ந்தது, கால் வீசியது, பந்து உயரே போனது. ஃபூட்டிப் பயிற்சியாளர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கண்ணைத் தாழ்த்து. தூரத்துக் கம்பங்களைப் பார்க்காதே, இருபது முப்பது மீட்டரில் உன்னை நோக்கி ஓடிவருபவனைப் பார், அவன் மார்புக்கு உதை. எங்கள் தெருக்கோடி ஓவல் மைதானத்தில், சனிக்கிழமைக் காலைகளில், பதினான்கு வயதுப் பிள்ளைகளை நோக்கி வேலியோரமிருந்து இது கேட்டுக்கொண்டே இருக்கும். புல்லில் பனி காய்ந்திருக்காது. மூச்சு புகையாக வரும். பையன் பந்தோடு ஓடுவான், பின்னால் இருவர் துரத்துவார்கள். கண்ணைத் தாழ்த்தத்தான் நினைப்பான். ஆனால் கோல் முனையில் அவர்கள் அணியின் உயரமான பையன் கையைத் தூக்கி நின்றுகொண்டிருப்பான். தூரத்திலிருந்தே தெரிகிற கை அது. பக்கத்தில் தனியாக ஓடிவரும் குள்ளனை யாரும் பார்ப்பதில்லை. பந்து உயரத்துக்கே போகும்.

அதனால்தான் பலமான கீ ஃபார்வர்ட் வந்தால் சரியாகிவிடும் என்பதை முழுக்க ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நெருக்கடியில் இருப்பவனுக்கு அவர் ஒரு புகலிடம். புகலிடம் இருப்பது தெரிந்தால் மனம் வேறு வழி தேடாது. அவர் இல்லாமல் 69 முறை போன பந்து, அவர் இருந்தால் 69 முறையும் அவர் தலைக்கே போகும்; சில நாள் அவர் பிடிப்பார். அவர் இல்லாத அணி தேடக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணவும் ஆசைதான். ஆனால் மெல்பர்ன் கற்றுக்கொள்ளவில்லை. 2022லும் 2023லும் ஃபைனல்ஸில் ஒரு வெற்றிகூட இல்லாமல் வெளியேறியது; அதற்கடுத்த இரண்டு ஆண்டும் ஃபைனல்ஸுக்கே போகவில்லை; பயிற்சியாளர் சைமன் குட்வின் 2025இல் நீக்கப்பட்டார். அதே ஆண்டு முடிவில் பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்கும் ஆலிவர் ஜிடபிள்யூஎஸ்ஸுக்கும் போனார்கள். காலிங்வுட்டிலிருந்து ப்ரோடி மைஹோசெக் வந்தார். முப்பதைக் கடந்தவர், ராட்சத உடம்பில்லை, போர்ட் மெல்பர்னில் தடுப்பாளராக ஆடிக்கொண்டிருந்து முன்களக்காரராக மாறியவர். அந்த வியாழன் இரவு எதிரணியின் முன்களத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர். பெரியவரிடம் சொன்னேன். வேலிமேல் கையூன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அவனுக்கு யார் உதைப்பார்கள் என்று கேட்டார்.

இப்போதெல்லாம் மைதானத்தில் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. பந்து உயர எழும்பும் கணத்தில் அடுக்கு முழுவதும் முகங்கள் ஒன்றாக மேலே திரும்பும். பக்கத்தில் பெரியவர் எழுந்தே நின்றுவிடுவார். நான் உதைத்தவரைப் பார்க்கிறேன். யாரும் அப்போது அவரைப் பார்ப்பதில்லை. துரத்திவந்தவர் மேலே மோதிக் கீழே விழுந்திருப்பார், அல்லது இடுப்பில் கை வைத்து வாயால் மூச்சு விடுவார். பெரும்பாலும் அவர்களும் பந்தைத்தான் பார்க்கிறார்கள், எங்களைப் போலவே அண்ணாந்து. எப்போதாவது ஒருவர் மட்டும் மேலே பார்க்காமல் இடப்பக்கம் திரும்புகிறார். அங்கே அவருடைய அணிக்காரர் ஒருவர் ஆளில்லாத புல்வெளியில் ஓட்டத்தைக் குறைத்து, தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார்.